வீடு வந்து சேர்ந்த மூங்கிற் கன்றுகள்

பிறந்த குழந்தையின் தூளிக்குக் குறுக்குக் கழியாய் அமைவது மூங்கில். இறந்தோரைச் சுமந்து செல்லும் பாடைக்குத் தண்டாய் அமைவதும் மூங்கிலே. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வாழ்நாளிலே முறமாகவும் கூடையாகவும், ஏணியாகவும் பந்தற் காலாகவும் அது நமக்குப் பயன்படாத நாளில்லை. பங்குத் திருவிழாவிலே கொடித் தோரணம் கட்டுவதும், கட்டடம் எழுப்பும்போது கொத்தனார் நிற்கும் சாரம் கட்டுவதும் அதைக் கொண்டே. கிறிஸ்து பிறப்புக் காலத்தில் நம் பிள்ளைகள் வீட்டு வாசலில் தொங்கவிடும் வண்ணக் காகித நட்சத்திரத்தைத் தாங்கி நிற்பனவும் மூங்கிற் சிம்புகளே.

இத்துணை நெருக்கமாய் நம்மோடு வாழும் மூங்கில் எங்கே விளைகிறது, அதை நட்டு வளர்த்தவர் யார் என்று நாம் கேட்டதுண்டா? காட்டில் தானாக விளைவது, வேண்டும்போது சந்தையில் வாங்கிக்கொள்வது என்பதே நம்மிற் பலருடைய எண்ணம். அண்மைக் காலமாக இந்நிலை மாறி வருகிறது. தென்னையும் வாழையும் நட்ட குடும்பங்கள் இன்று மூங்கிலையும் நட விரும்புகின்றன. கொல்லையின் ஓரத்தில் ஐந்து கன்று நடுவோர் உளர். ஓர் ஏக்கர் நிலம் முழுவதையும் மூங்கிலுக்கே விட்டவரும் உளர். நாற்றுப்பண்ணைகளிலிருந்து கன்றுகள் வண்டியேறி வீடு தேடி வருகின்றன.

வந்து இறங்கும் அக்கன்றுகளுள் எத்தனை அடுத்த ஆண்டு இதே நாளில் உயிரோடு நிற்கும்? இதுவே நம் கேள்வி. "மூங்கில்தானே, அது கல்லிலும் முளைக்கும்" என்ற அலட்சியத்தால் முதற் கோடையிலேயே கருகிப்போகும் கன்றுகள் பல. கடன் வாங்கி நட்ட குடும்பத்துக்கு அது செடியின் இழப்பு மட்டுமன்று. பிள்ளையின் படிப்புச் செலவும் சில வேளைகளில் அதனோடு சேர்ந்து வாடுகிறது. ஆகவே கன்று வந்து சேர்ந்த நாள் முதல் அது தன் காலில் நிற்கும் நாள் வரை செய்ய வேண்டியவற்றை நம் குடும்பங்களுக்கு இங்கே எடுத்துக் கூற விழைகிறோம்.

மரமா, புல்லா?

ஓங்கி வளர்ந்தாலும் மூங்கில் மரமன்று. நெல்லும் கரும்பும் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தனவோ அந்தப் புற்குடும்பத்தையே அதுவும் சார்ந்தது. இதை அறிந்துகொண்டால் அதைப் பேணும் முறையிற் பாதி விளங்கிவிடும்.

மரம் ஆண்டுதோறும் பருக்கிறது. மூங்கிற் கழியோ பருப்பதில்லை. மண்ணைப் பிளந்துகொண்டு வெளிவரும்போது குருத்துக்கு எவ்வளவு பருமன் உண்டோ, கடைசி வரை அக்கழிக்கு அதுவே பருமன். இரண்டு மூன்று மாதங்களில் அது தன் முழு உயரத்தையும் எட்டிவிடும். அதன் பின்னர் மூன்று நான்கு ஆண்டுகள் உள்ளுக்குள்ளே முற்றி வைரம் பாய்கிறது. அப்படியானால் மூங்கில் வளர்வது எங்கே? மண்ணுக்கு அடியில்! அங்கேதான் அதன் கிழங்கு ஆண்டுக்காண்டு கிளைத்துப் பெருக்கிறது. கிழங்கு வலுத்தால் அடுத்த மழைக்கு வரும் குருத்து முந்தியதைவிடப் பருத்து வரும். கிழங்கு மெலிந்தால் குருத்தும் மெலியும். மூங்கில் வளர்ப்போர் பேண வேண்டியது கண்ணுக்குத் தெரியும் கழியை அல்ல, கண்ணுக்குத் தெரியாத அக்கிழங்கையே.

சட்டமும்கூட நெடுங்காலம் மூங்கிலை மரம் என்றே கொண்டிருந்தது. 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டத்தில் மரம் என்னும் சொல்லின் வரையறைக்குள் மூங்கிலும் அடங்கியிருந்தது. 2017-இல் நடுவண் அரசு கொண்டுவந்த திருத்தம் மூங்கிலை அவ்வரையறையிலிருந்து நீக்கிற்று. காடல்லாத நிலத்தில் மூங்கிலை வளர்ப்போருக்கு ஊக்கம் தருவதே அதன் நோக்கம். எனினும் தமிழகத்தில் 1882-ஆம் ஆண்டின் வனச் சட்டம் தனியே நடைமுறையில் இருப்பதால், மூங்கிலை வெட்டி வெளியூருக்கு ஏற்றுமுன் அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நன்று.

எந்த மூங்கில்?

நம் நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட மூங்கில் இனங்கள் உள. அவற்றுள் நம் பகுதி மக்கள் நன்கறிந்தவை சிலவே. முள் மூங்கில் எனப்படும் பெருமூங்கில் ஆற்றோரங்களில் எண்பது அடிக்கும் ஓங்கி வளரும். கரையைப் பிடித்து நிறுத்துவதில் அதற்கு நிகரில்லை. ஆயினும் அதன் கொக்கி போன்ற முட்கள் வீட்டுக் கொல்லைக்கு ஏற்றவையல்ல. வெட்டுவோருக்குக் கூலியும் மிகுதியாகும். கல் மூங்கில் உயரத்தில் குறைந்தது. உள்ளே பெரும்பாலும் கெட்டியானது. வறண்ட மண்ணையும் தாங்கும். தடிகளுக்கும் ஏணிகளுக்கும் மிகவும் உகந்தது. மஞ்சள் மேனியில் பச்சைக் கோடுகள் ஓடும் பொன் மூங்கிலை அழகுக்காக நடுவர். வடகிழக்கிலிருந்து வந்த பால்கோவா மூங்கில் முள்ளில்லாதது, பருத்த கழி தருவது. இன்று பண்ணைகளில் மிகுதியாய் விற்கப்படுவது அவ்வினமே.

வாங்குமுன் பண்ணையாரிடம் மூன்று கேள்விகள் கேட்டல் வேண்டும். முள் உண்டா, இல்லையா என்பது முதற் கேள்வி. ஒரே இடத்தில் தூர் கட்டி வளரும் இனமா, மண்ணுக்கடியில் ஓடிப் பரவும் இனமா என்பது இரண்டாவது. நம் நாட்டு மூங்கில்கள் பெரும்பாலும் தூர் கட்டுபவையே. ஆயினும் குளிர் நாட்டு ஓடு மூங்கில்கள் சில அழகுச் செடிகளாய் விற்கப்படுகின்றன. அவை அண்டை வீட்டுத் தோட்டத்திலும் போய் முளைக்கும். கன்று விதையிலிருந்து வந்ததா, பழைய தூரிலிருந்து எடுக்கப்பட்டதா என்பது மூன்றாவது. இக்கேள்வியின் காரணத்தைப் பின்னர் கூறுவோம்.

கன்று வந்து இறங்கும் நாள்

நெடுந்தொலைவு வண்டியில் வந்த கன்று களைத்துப்போன பயணியைப் போன்றது. காற்றில் இலைகள் உலர்ந்திருக்கும். குலுங்கலில் பையின் மண் தளர்ந்திருக்கும். அதை இறக்கும்போது தண்டைப் பிடித்துத் தூக்கலாகாது. கிழங்கிலுள்ள இளங்குருத்துகள் மிக மென்மையானவை. ஒரு முறை இழுத்தால் ஒடிந்துபோகும். பையின் அடியில் கை கொடுத்துத் தாங்கியே இறக்க வேண்டும்.

இறக்கியவுடன் நடுவதற்கு விரைய வேண்டாம். மரநிழலிலோ ஓலைப் பந்தலின் அடியிலோ கன்றுகளை நெருக்கமாய் நிறுத்தி, பை முழுவதும் நனையத் தண்ணீர் விடுக. ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை அங்கேயே வைத்து, காலையும் மாலையும் நீர் தெளித்து வரலாம். அந்நாட்களில் சில இலைகள் மஞ்சளாகி உதிர்தல் இயல்பே. தண்டின் கணுக்களில் பச்சை குன்றாதிருந்தால் கவலை வேண்டாம். கடைசி இரண்டு மூன்று நாட்கள் காலை இளவெயிலில் வைத்துப் பழக்கிய பின் நடுவதே முறை. திசு வளர்ப்புக் கன்றுகளாயின் இந்தப் பழக்கம் இன்னும் இன்றியமையாதது. நிழற்கூடத்தில் வளர்ந்த அவை திடீர் வெயிலைத் தாங்கமாட்டா.

எண்ணிப் பார்த்து வாங்குவதும் இந்நாளில்தான். கன்றுக்கு ஒரு தண்டேனும் கணுவில் பச்சை மாறாது நிற்கிறதா, பையின் அடியில் வெள்ளை வேர்கள் தெரிகின்றனவா, மண் நாற்றமடிக்காதிருக்கிறதா எனப் பார்த்து, குறையுள்ளவற்றை வண்டிக்காரர் இருக்கும்போதே ஒதுக்கிவிட வேண்டும்.

இடமும் குழியும்

மூங்கிலுக்கு வெயில் வேண்டும், ஈரம் வேண்டும். நீர் தேங்குதல் ஆகாது. வேரில் நாட்கணக்கில் தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகும். பள்ளமான இடமாயின் மண்ணை மேடாக்கி அதன்மேல் நடுக. மின்கம்பிக்குக் கீழே எக்காரணம் கொண்டும் நடலாகாது. வீட்டுச் சுவர், கிணறு, கழிவுநீர்த் தொட்டி ஆகியவற்றிலிருந்து 15 முதல் 20 அடி தள்ளி நடுக. பெரிய இனங்களில் கன்றுக்குக் கன்று 15 அடியேனும் இருத்தல் நலம்.

வேலியோரத்தைப் பற்றி ஒரு வார்த்தை தனியே சொல்ல வேண்டும். இன்று ஒரு கையளவு இடத்தில் நிற்கும் கன்று பத்தாண்டுகளில் ஆறேழு அடி அகலத் தூராகிவிடும். எல்லைக் கல்லை ஒட்டி நட்டால் பாதித் தூர் தம்பியின் நிலத்தில் நிற்கும். "நட்டவன் நான்" என்று அண்ணனும், "நிற்பது என் மண்ணில்" என்று தம்பியும் வழக்காடுவர். சொந்த இரத்தமே ஒரு மூங்கில் தூருக்காகப் பேச்சை முறித்துக்கொண்டு, ஞாயிறு பூசைக்கு வந்தும் கோவிலின் இரு புறங்களில் ஒதுங்கி நிற்கும் அவலத்தை நம் கிராமங்கள் அறியாதனவல்ல. எல்லையிலிருந்து 15 அடி உள்ளே தள்ளி நட்டால் இழப்பது சில குழி நிலமே. காப்பது உடன்பிறப்பின் உறவை.

குழி இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம் இருக்கட்டும். நடுவதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே தோண்டி ஆறப்போடுக. மேல் மண்ணோடு நன்கு மக்கிய தொழு உரம் ஒரு கூடையும், கறையான் தொல்லையுள்ள நிலமாயின் வேப்பம் பிண்ணாக்கு இரண்டு கைப்பிடியும் கலந்து வைத்துக்கொள்க. பச்சைச் சாணத்தைக் குழியில் இடுதல் கேடு. அது மக்கும்போது எழும் சூடு இளவேரைச் சுட்டுவிடும்.

நடும் பருவம் மழையின் தொடக்கமே. தென்மேற்குப் பருவமழை பெய்யும் குமரி, தேனி, கோவை மேற்குப் பகுதிகளில் ஜூன், ஜூலை மாதங்கள் ஏற்றவை. வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் ஏனைய மாவட்டங்களுக்கு அக்டோபர் மாதமே தக்கது. படைப்பைப் பேணுவதற்கான செப நாளாகத் திருச்சபை செப்டம்பர் முதல் நாளைக் கொண்டாடுகிறது. அன்று தொடங்கி அசிசி நகர்ப் புனித பிரான்சிஸின் திருநாளாகிய அக்டோபர் 4 வரை படைப்பின் காலம். அந்நாட்களில் குழி எடுத்து ஆறவிட்டு, செபமாலை மாதமாகிய அக்டோபரின் முதல் மழையில் கன்றை நட்டால், திருச்சபையின் காலமும் உழவனின் காலமும் நம் கொல்லையில் ஒன்றாய் அமையும்.

நடும் முறை

நடுவதற்கு முன்னாள் மாலை பையில் நிறையத் தண்ணீர் விடுக. மறுநாள், வெயில் தாழ்ந்தபின் நடுதல் நலம். பாலிதீன் பையைப் பக்கவாட்டில் கத்தியால் கீறி அகற்றுக. பையோடு நட்டுவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது வேரைச் சிறையிட்டது போலாகும். மண்கட்டி உடையாமல் இரு கைகளாலும் ஏந்திக் குழியின் நடுவில் நிறுத்தி, பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதற்கு ஓர் அங்குலம் மட்டுமே தாழ்வாக இருக்கும்படி நடுக. மிக ஆழத்தில் புதைத்தால் குருத்து மேலெழும்ப வழியின்றி மடியும்.

உரம் கலந்த மண்ணைச் சுற்றிலும் இட்டு, காலால் மிதமாய் மிதித்து இறுக்குக. உள்ளே காற்றுப் பொந்து இருந்தால் வேர் காய்ந்துபோகும். பின்னர் ஒன்றரை அடி ஆரத்தில் வட்டப்பாத்தி கட்டி, ஒரு பெரிய குடம் தண்ணீரை மெல்ல ஊற்றுக. மண் தாழ்ந்தால் மீண்டும் நிரப்புக. காற்று மிகுந்த இடங்களில் ஒரு குச்சியை ஊன்றித் தளர்வாய்க் கட்டிவிடலாம்; தண்டு ஆடினால் புது வேர்கள் அறுபடும். இறுதியாக, பாத்தியின் மேல் வைக்கோல், காய்ந்த இலை, கரும்புச் சோகை இவற்றுள் கிடைத்ததைக் கொண்டு நான்கு அங்குலக் கனத்திற்கு மூடாக்கு இடுக. தண்டை ஒட்டி மட்டும் ஒரு சாண் இடைவெளி விடப்பட வேண்டும்.

முதல் ஆண்டு

கன்றின் வாழ்வும் சாவும் இந்த ஓராண்டில்தான் தீர்மானமாகின்றன. மழையில்லாத நாட்களில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, முறைக்கு ஒரு குடம் என நீர் விட்டாலே போதும். நாள்தோறும் சிறிது சிறிதாய்த் தெளிப்பதைவிட இடைவிட்டு ஆழமாய் நனைப்பதே வேரைக் கீழே இறங்கச் செய்யும். பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் இதைத் தவறவிட்டால் பட்ட பாடெல்லாம் வீணாகும்.

மூங்கில் தன் தாகத்தை வாய்விட்டுச் சொல்லும். இலை நீளவாட்டில் மடிந்து ஊசிபோற் சுருண்டால் தண்ணீர் வேண்டும் என்று பொருள். தண்ணீர் கிடைத்ததும் அது விரிந்துகொள்ளும். மண் ஈரமாயிருந்தும் இலைகள் மஞ்சளாகித் தொங்கினால் நீர் மிகுந்துவிட்டது என்று அறிந்து, சில நாட்கள் நிறுத்தி வைக்க வேண்டும். இந்த இரு அடையாளங்களையும் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்து, ஆளுக்கொரு கன்றை ஒப்படைத்துப் பாருங்கள். பள்ளியிலிருந்து திரும்பியதும் புத்தகப் பையை வைத்துவிட்டுக் கன்றின் இலையைப் பார்க்க ஓடும் பிள்ளை, பொறுப்பு என்பதை எந்தப் பாடநூலிலும் கற்கமுடியாத வகையிற் கற்றுக்கொள்கிறது.

ஆடும் மாடும் மூங்கில் இலையை விரும்பித் தின்னும். முள் வேலியோ, பனைமட்டை அடைப்போ இல்லாத கன்று தப்பிப் பிழைத்தல் அரிது. களைகளும் முதலிரண்டு ஆண்டுகளில் கன்றின் உணவைப் பறித்துக்கொள்ளும். மூன்றடி வட்டத்தை எப்போதும் சுத்தமாய் வைத்திருங்கள். மண்வெட்டியால் ஆழமாய்க் கொத்துதல் தகாது. மேலாகச் செதுக்கினாலே போதும்.

நட்ட சில மாதங்களில் புதுக் குருத்துகள் தோன்றும். அவை பென்சிலின் பருமனே இருப்பதைக் கண்டு, "ஏமாற்றிவிட்டார்கள்; இது மூங்கிலே அன்று" என மனம் நொந்து தண்ணீர் விடுவதை நிறுத்தி விடுவோர் உண்டு. இங்கேதான் பொறுமை வேண்டும். அம்மெல்லிய கழிகள் விற்பனைக்கானவை அல்ல. இலைகளைத் தாங்கி, கிழங்குக்கு உணவு சமைத்து அனுப்புவதே அவற்றின் வேலை. அவற்றை வெட்டினால் அடுத்த குருத்தும் மெலிந்தே வரும்.

புனித லூக்காஸ் எழுதிய நற்செய்தியில் கனி கொடாத அத்தி மரத்தின் உவமையை நாம் அறிவோம். மூன்றாண்டுகள் வந்து பார்த்தும் கனி காணாத உரிமையாளர் மரத்தை வெட்டச் சொல்கிறார். தோட்டக்காரரோ இன்னும் ஓராண்டு தவணை கேட்கிறார். வெறும் தவணை மட்டும் அவர் கேட்கவில்லை. அவ்வாண்டில் மரத்தைச் சுற்றிக் கொத்தி எரு இடுவதாகவும் பொறுப்பேற்கிறார். பொறுமை என்பது கை கட்டிக் காத்திருப்பதன்று, மண்வெட்டி பிடித்துக் காத்திருப்பது என்பதை அத்தோட்டக்காரர் நமக்குக் கற்பிக்கிறார். மெல்லிய குருத்தைக் கண்டு சோரும் உழவருக்கும், மெல்லக் கற்கும் பிள்ளையைக் கண்டு சலிக்கும் பெற்றோருக்கும் இப்பாடம் ஒன்றே.

அடுத்து வரும் ஆண்டுகள்

ஆண்டுதோறும் மழைக்கு முன் தூருக்கு ஒன்றிரண்டு கூடை தொழு உரமும், இரண்டு கைப்பிடி அடுப்புச் சாம்பலும் இட்டு, சுற்றியுள்ள மண்ணை எடுத்துத் தூரைச் சுற்றி அணைத்தல் வேண்டும். மண் அணைத்தலே மூங்கில் வளர்ப்பின் தலையாய பணி. புதுக் குருத்து, கிழங்கின் பக்கவாட்டில் சற்று மேலாகவே தோன்றும். மண் அதை மூடியிருந்தால்தான் அது வேரூன்றி வலுவாய் எழும்பும். உதிரும் மூங்கில் இலையைக் கூட்டி எரிக்காமல் தூரின் அடியிலேயே விட்டுவைத்தால், மூங்கில் தன் உரத்தைத் தானே தேடிக்கொள்ளும். ஆயினும் கோடையில் அச்சருகில் நெருப்புப் பொறி விழாமல் காத்தல் மிக அவசியம்.

முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் வரிசைகளுக்கு இடையே உளுந்தும் கடலையும், நிழல் சற்றுப் படர்ந்த பின் மஞ்சளும் இஞ்சியும் பயிரிடலாம். மூங்கில் வருமானம் தரும்வரை வீட்டு அடுப்பு எரிய வேண்டுமல்லவா?

நான்காம் அல்லது ஐந்தாம் ஆண்டிலிருந்து வெட்டலாம். மூன்றாண்டு நிரம்பிய கழிகளை மட்டுமே வெட்டுக. ஓராண்டு, ஈராண்டுக் கழிகளைத் தொடலாகாது. அவையே தாயும் தாதியுமாய் நின்று புதுக் குருத்தை வளர்ப்பவை. எக்கழிக்கு எத்தனை வயது என்பதில் ஐயமிருந்தால், ஒவ்வோர் ஆண்டும் புதிதாய் எழும்பிய கழிகளில் சாயத்தால் ஆண்டின் எண்ணைக் குறித்துவிடுங்கள். தரையிலிருந்து முதல் அல்லது இரண்டாம் கணுவுக்குச் சற்றே மேலாக வெட்டுதல் வேண்டும். குழல் கிண்ணம்போல் நின்றால் மழைநீர் தேங்கி அடி அழுகும். குருத்து எழும்பும் மழைக்காலத்தில் அரிவாளை எடுக்கவே கூடாது.

சிலர் குருத்தைச் சமைத்தும் உண்பர். பச்சைக் குருத்தில் நஞ்சாக மாறக்கூடிய பொருள் இருப்பதால், நன்கு வேகவைத்து அந்நீரைக் கொட்டிய பின்னரே அது உணவுக்கு ஆகும்.

ஆசை வார்த்தைகளும் அளவான கணக்கும்

"ஒரு முறை நட்டால் தலைமுறைக்கும் பணம் கொட்டும்" என்று கூறும் விளம்பரங்கள் இன்று மலிந்துள்ளன. கழியை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்வோம் என உறுதி கூறுவோரும் உளர். நம் தாய்மாரின் தாலிக்கொடியைத் தவிர மற்ற நகையெல்லாம் அடகுக் கடைக்குப் போகும் வேளைகளில் இதுவும் ஒன்றாகிவிடலாகாது. மூங்கில் நல்ல பயிரே. ஆனால் நான்கைந்து ஆண்டுகள் காத்திருக்க இயலாத குடும்பத்துக்கு அது ஏற்றதன்று. கழியை வாங்குபவர் யார், எவ்வளவு தொலைவில் இருக்கிறார், ஏற்றுகூலி என்ன என்பவற்றை நடுமுன்பே விசாரித்தறிக. எழுத்தில் தராத வாக்குறுதியை நம்பி நிலத்தைப் பூட்டிப் போடாதீர்கள்.

முதலில் பத்துக் கன்றுகள் நட்டுப் பாருங்கள். வாழைத்தாருக்கு முட்டுக் கொடுக்கவும், தக்காளிக்கும் பந்தல் கொடிகளுக்கும் கம்பு நடவும், ஆட்டுப்பட்டி அடைக்கவும் இன்று விலை கொடுத்து வாங்கும் கழி சொந்தக் கொல்லையிலேயே கிடைத்தால் அதுவும் வருமானந்தானே? மேட்டுப்பாளையத்திலுள்ள வனக் கல்லூரியிலும், கோவையிலுள்ள வன மரபியல் நிறுவனத்திலும் உழவர்கள் இது குறித்து ஆலோசனை கேட்கலாம்.

மூங்கில் பூத்தால் பஞ்சமா?

நம் முன்னோர் இவ்வாறு அஞ்சினர். அச்சத்தில் உண்மையும் உண்டு. மூங்கில் இனங்கள் பல, வாழ்நாளில் ஒரே முறை பூத்து, விதை உதிர்த்து மடிகின்றன. முள் மூங்கில் பூப்பதற்கு 30 முதல் 45 ஆண்டுகளும் ஆகும். ஒரு பகுதியிலுள்ள தூர்களெல்லாம் ஏறத்தாழ ஒரே காலத்தில் பூத்துவிடும்.

மிசோரம் மலைகளில் ஒருவகை மூங்கில் ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒரு முறை பூக்கிறது. அம்மக்கள் அதை 'மவுதாம்', அதாவது மூங்கிற் சாவு, என அழைப்பர். 1959-இல் அது பூத்தபோது கனிகளைத் தின்று எலிகள் பெருகின. கனி தீர்ந்ததும் வயல்களிலும் குதிர்களிலும் புகுந்து தானியத்தை அழித்தன. பஞ்சம் வந்தது. பசித்த மக்களின் துயர் துடைக்கத் தொடங்கப்பட்ட அமைப்பே பின்னர் அரசியல் இயக்கமாக மாறி, 1966-இல் ஆயுதக் கிளர்ச்சியாக வெடித்து, 1986-இல்தான் சமாதானம் கண்டது. 2007-இல் மூங்கில் மறுபடி பூத்தது. அம்முறை அது வரும் காலம் முன்னரே அறியப்பட்டிருந்தது. ஆகவே பஞ்சத்தைக் கொணர்வது பூவன்று. பூவைத் தொடரும் எலியும், எலிக்கு ஆயத்தமில்லாத மனிதருமே.

கன்று விதையிலிருந்து வந்ததா என்று கேட்கச் சொன்னதன் காரணம் இப்போது விளங்கும். பழைய தூரிலிருந்து எடுத்த கன்றுக்குத் தாயின் வயதே வயது. தாய் பூக்கும்போது, நட்டு ஐந்தே ஆண்டான மகவும் பூத்து மடியலாம். விதைக் கன்றுக்கோ முழு ஆயுளும் முன்னே இருக்கிறது. பொன் மூங்கில், பால்கோவா போன்றவை பூப்பது மிக அரிது என்பதால் அவற்றிற்கு இக்கவலை குறைவு.

ஆலயத்தில் பாடும் மூங்கில்

பிலிப்பைன்ஸ் நாட்டில், மணிலாவை அடுத்த லாஸ் பினியாஸ் என்னும் ஊரில் புனித சூசையப்பர் ஆலயம் உள்ளது. அங்குப் பங்குக் குருவாயிருந்த அகுஸ்தீன் சபைத் துறவி தியேகோ செரா, 1816-இல் ஆலயத்துக்கு ஓர் ஆர்கன் இசைக் கருவி செய்ய முற்பட்டார். உலோகத்தில் செய்ய வேண்டிய குழல்களை அவ்வூரில் விளைந்த மூங்கிலிலேயே செய்தார். வெட்டிய மூங்கிலைப் பூச்சி அரிக்காதிருக்கக் கடற்கரை மணலில் ஓராண்டு புதைத்து வைத்தார். அதில் அழியாது எஞ்சியவற்றையே பயன்படுத்தினார். 1824-இல் பணி நிறைவுற்றது. 1,031 குழல்களுள் 902 மூங்கிலாலானவை. நிலநடுக்கத்தாலும் புயலாலும் சேதமுற்ற அக்கருவி, 1973-இல் ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டுச் செப்பனிடப்பட்டு, 1975-இல் தன் ஊருக்குத் திரும்பியது. இரு நூறு ஆண்டுகள் கடந்தும் அம்மூங்கில்கள் இன்றும் திருப்பலியில் இறைவனைப் போற்றிப் பாடுகின்றன.

ஏழையின் கூரைக்குக் கழியாகும் புல், தக்க பொறுமையோடு பேணப்பட்டால் ஆலயத்தில் இசையாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நம் கடமை

பாப்பரசர் பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' என்னும் சுற்றுமடல், இவ்வுலகு நம் அனைவருக்கும் பொதுவான இல்லம் என்பதை நினைவூட்டியது. மண்ணின் ஓலமும் ஏழையின் ஓலமும் வெவ்வேறல்ல என்பதையும் உணர்த்தியது. மூங்கிலில் இவ்விரண்டும் ஒன்றுசேர்வதை நாம் கண்கூடாய்க் காணலாம். வாய்க்காற் கரையில் நிற்கும் தூர், மண்ணை அரித்துச் செல்லவிடாது பிடித்துக்கொள்கிறது. அத்தூரின் கழிகளோ, கூடை முடைந்து வயிறு வளர்க்கும் எளிய குடும்பங்களுக்குப் பிழைப்பாகின்றன. காட்டில் மூங்கில் கிடைப்பது அரிதாகி, பிளாஸ்டிக் கூடை சந்தையை நிறைத்தபின் அக்குடும்பங்கள் படும் துன்பம் பெரிது. கோவில் நிலமோ பள்ளி நிலமோ உள்ள பங்குகளில் ஒரு வரிசை மூங்கில் நட்டு, அதன் கழிகளை நியாய விலைக்கு அவர்களுக்கே கொடுப்பது என முடிவு செய்தால், அதுவும் ஓர் அறச்செயலே. பங்குப் பேரவைகள் இதை எண்ணிப் பார்க்கலாகாதா?

நடுபவர் ஒருவர், தண்ணீர் விடுபவர் வேறொருவர். வளர்ச்சியைத் தருபவர் இறைவன் எனும் கருத்தைக் கொரிந்து நகரத்தாருக்குப் புனித சின்னப்பர் எழுதினார். இவ்வாண்டு அக்டோபரில் தந்தை நடும் கன்றுக்குத் தாய் தண்ணீர் விடுவார், பிள்ளைகள் வேலி காப்பர். ஐந்தாண்டு கழித்து வெட்டும் முதற் கழியில் சிம்பு கீறிக் கிறிஸ்து பிறப்பு நட்சத்திரம் கட்டி வாசலில் ஏற்றுங்கள். அதற்குள் வீட்டின் மூத்த பிள்ளை வெளியூர்க் கல்லூரிக்குப் போயிருக்கலாம். விடுமுறைக்கு வரும்போது தான் தண்ணீர் விட்ட தூரின் அருகே போய் நின்று, இவ்வாண்டு எத்தனை குருத்து என்று எண்ணிப் பார்க்கும்.